மேலே மிதக்கும் பச்சை, ஆழத்தில் பதுங்கும் சிவப்பு

ஏரி நீர் சூடானால் நீலப்பச்சைப் பாசி பெருகும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் எல்லா இனமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

சீனாவின் தாய்ஹு ஏரியில் மண்டும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற பச்சை நிற வகை, 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் செழித்து வளரும். செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய காற்றுப் பைகள் அதை நீர்ப்பரப்புக்கே தூக்கிவிடும். அங்கே புற ஊதாக் கதிர் நேராகத் தாக்கும். அதைச் சமாளிக்க, கதிரை உறிஞ்சும் மைக்கோஸ்போரின் வகைச் சேர்மங்களையும் கரோட்டினாய்டு நிறமிகளையும் உண்டாக்கிக்கொள்கிறது. மேலடுக்குச் செல்கள் வெளுத்து மடிந்தாலும், அடியில் இருப்பவை அந்த நிழலில் பிழைத்துக்கொள்ளும். 2007-இல் அந்த ஏரிக்கரையில் உள்ள வூசி நகரத்தின் குடிநீரைக் கெடுத்தது இந்தப் பாசிப் பெருக்கம்தான்.

சுவிட்சர்லாந்தின் சூரிக் ஏரியில் வாழும் பிளாங்க்டோத்ரிக்ஸ் ரூபெசென்ஸ் என்ற சிவப்பு நிற இனத்தின் வழி வேறு. மேல்மட்ட வெயில் அதற்கு ஆகாது. கோடையில் 10 மீட்டருக்கும் கீழே, மங்கிய ஒளியில் தங்கிவிடும். வெப்பமயமாதல் அதற்குக் கைகொடுப்பது குளிர்காலத்தில். கடுங்குளிரில் ஏரியின் மேல்நீர் அடிவரை கலக்கும்போது, ஆழத்து அழுத்தத்தில் காற்றுப் பைகள் நொறுங்கிப் பெருமளவு மடியும். இப்போது குளிர் தணிந்து, அந்தக் கலப்பு பாதியில் நின்றுவிடுகிறது, பாசி தப்பிவிடுகிறது.

எனக்கு அதிகம் கவலை தருவது இந்த இரண்டாவதுதான். இரண்டுமே மைக்ரோசிஸ்டின் நச்சை உண்டாக்கக்கூடியவை. பச்சைப் படலம் கரையிலிருந்தே கண்ணில் படும். கோடையில் ஆழத்துச் சிவப்போ, பல ஆழங்களில் நீர் மாதிரி எடுத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.