ஊட்டக்கரைசல் தொட்டியில் பாசி: ஒளியை மறைப்பதா, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவதா?

மண்ணில்லா வேளாண்மையில் செடிக்காகக் கரைத்து வைக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கும் உணவுதான் என்பதால், பாசிக்குக் கிடைக்காமல் நாம் முழுமையாகத் தடுக்கக்கூடியது ஒளி ஒன்றே. தொட்டியின் வெளிப்புறத்தில் முதலில் கருப்பு வண்ணமும் அதன்மேல் வெள்ளையும் பூசினால், கருப்பு ஒளியை மறைக்கும், வெள்ளை வெயிலின் சூட்டைத் திருப்பி அனுப்பும். சென்னையின் மொட்டைமாடிகளில் கருப்பை மட்டும் பூசுவது கரைசலைச் சூடாக்கி, அதில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் குறைத்து, வேரழுகலுக்கு வழிவிடும். ஒளி ஊடுருவும் குழாய்களையும் செடியைத் தாங்கும் வலைக்கிண்ணங்களின் ஓரத்து இடைவெளிகளையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பாசி பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஹைட்ரஜன் பெராக்சைடு விரைவாகப் பாசியைக் கொன்று, நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுகிறது. ஆயினும் அதன் பயன் சில நாள்களே நீடிக்கும். ஒளி இருக்கும்வரை பாசி மீண்டும் வரும். வேருக்குத் துணையாக நாம் சேர்க்கும் டிரைக்கோடெர்மா, பேசில்லஸ் போன்ற நன்மை தரும் நுண்ணுயிர்களையும் பெராக்சைடு அழிக்கும். அளவு மிகுந்தால் மெல்லிய வேர்த்தூவிகள் கருகிவிடும்.

ஆகவே தினசரிப் பாதுகாப்புக்கு ஒளி மறைப்பையே உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். பெராக்சைடை, அறுவடை முடிந்து செடிகளில்லாத வேளையில் தொட்டியையும் குழாய்களையும் கழுவுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.