தொபே கிண்ணங்கள்: ஒன்றரை வருடமாகத் தினமும் சாப்பிட்ட பிறகு

ஜப்பான் பீங்கான் என்றாலே எல்லோரும் அரிதாவைத்தான் சொல்வார்கள். 1616-ஐ ஒட்டி அந்த நாட்டில் முதன்முதலாகப் பீங்கான் பிறந்த ஊர், அந்தப் பெருமை அதற்கு இருக்கட்டும். நான் சொல்ல வந்தது ஷிகோகு தீவில் எஹிமே மாகாணத்தில் இருக்கும் தொபே என்ற சின்ன ஊரின் பாத்திரங்களைப் பற்றி. ஒசாகாவில் எங்கள் வீட்டில் ஒன்றரை வருடமாகக் காலையும் இரவும் இதில்தான் சாப்பாடு. கண்ணாடி அலமாரியில் அடுக்கிவைத்து அழகு பார்ப்பதற்கு வேறு ஊர்ப் பீங்கான்கள் இருக்கின்றன. தினமும் கழுவிக் கவிழ்க்கிற பாத்திரம் வேண்டும் என்பவர்கள் மேலே படியுங்கள்.

முதலில் கனத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கையில் எடுத்ததும் தெரிவது அதுதான். 6 சுன் கிண்ணம், அதாவது வாய் அகலம் 18 சென்டிமீட்டர், சமையலறைத் தராசில் வைத்தால் 540 கிராம் காட்டுகிறது. பீங்கான் என்றால் வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி மெல்லிசாக இருக்கும் என்று நினைத்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது தூக்கிப் பார்த்துவிட்டு "என்னம்மா இது, அம்மிக்கல்லாட்டம் கனக்குது?" என்றார். மூன்றாம் நாள் ரசம் சாதத்துக்கு அவரே அலமாரியைத் திறந்து அதைத்தான் எடுத்தார். கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் சுவர் தடிமனாக இருப்பதால் விரல் சட்டென்று சுடுவதில்லை, அடிவளையம் உயரமாக இருப்பதால் அதில் விரலைக் கொடுத்து வசதியாகத் தூக்கலாம். உள்ளே இருப்பதும் சீக்கிரம் ஆறிப்போவதில்லை.

விளிம்பைத் தடவிப் பாருங்கள். உடோன் என்கிற தடித்த நூடுல்ஸுக்கான கிண்ணங்களில் விளிம்பை உருட்டித் தடிப்பாக முடித்திருப்பார்கள், தமாபுச்சி என்று பெயர். பீங்கான் முதலில் சில்லுப் பெயர்வது விளிம்பில்தானே, அந்த இடத்தையே உருண்டையாக்கிவிட்டால் ஒன்றோடொன்று மோதினாலும் தாங்கும். குடிக்கும்போது உதட்டில் கூராகப் படாமல் வழவழவென்று உட்காருவது எனக்கு அதைவிடப் பிடித்தது. தொபே பாத்திரங்களுக்கு 'கெங்கா உட்சுவா' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு, சண்டைப் பாத்திரம் என்று பொருள். புருஷன் பெண்டாட்டி சண்டையில் தூக்கி எறிந்தாலும் உடையாதாம். அதை அப்படியே நம்ப வேண்டாம். என் கையிலிருந்து நழுவிய ஒரு சின்னத் தட்டு ஓடு பதித்த தரையில் விழுந்து மூன்று துண்டானது. ஆனால் பாத்திரத் தொட்டியில் தினமும் இடிபட்டும் கிண்ணங்கள் நான்கிலும் இன்றுவரை ஒரு சில்லுகூடப் பெயரவில்லை, அது உண்மை.

இந்த ஊர் பீங்கானுக்கு வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். தொபே முன்னாளில் சாணைக்கல்லுக்குப் பேர்போன இடம், ஊர்ப் பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதினால் முதல் எழுத்தின் பொருளே சாணைக்கல்தான். கல்லை வெட்டி எடுத்தபின் மலைமலையாகக் கழிவு மிஞ்சும், அதை அப்புறப்படுத்துவதே ஊராருக்குப் பெரிய பாடு. அந்தக் கழிவையே இடித்துப் பொடியாக்கிப் பீங்கான் செய்ய முடியுமா பாருங்கள் என்று 1775-ல் ஓசு சிற்றரசின் தலைவர் கட்டளையிட, சுகினோ ஜோசுகே என்பவர் சூளை சூளையாகத் தோற்று, கடைசியில் 1777-ல் வெள்ளைப் பீங்கானைச் சுட்டு எடுத்தார். தொபே வெள்ளையில் லேசாகச் சாம்பல் கலந்திருக்கும், அரிதா மாதிரிப் பளீரென்று இருக்காது. எனக்கு அந்த மங்கல்தான் பிடித்திருக்கிறது, வெள்ளைச் சோறு அதில் தனியாகத் தெரிகிறது.

சரி, ஓவியம். நான் வாங்கியவை கராகுசா கொடிச் சுருள் போட்டவை, நீலம் மட்டும். ஒரே அளவுக் கிண்ணங்கள் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால் கையால் எழுதியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சுருள் ஒவ்வொன்றும் தடிப்பாக ஆரம்பித்துத் தூரிகையைத் தூக்கும் இடத்தில் முடி போல மெலிந்து முடிகிறது, ஒரு இழுப்பின் மேல் இன்னொன்று ஏறிய இடத்தில் நீலம் ஒரு படி கருத்திருக்கிறது. ஒரு கிண்ணத்தில் கொடி சுற்றி வந்து ஆரம்பித்த இடத்தில் சேரும்போது இடம் போதாமல் கடைசிச் சுருளைக் கொஞ்சம் ஒடுக்கிப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சுருள் என் பக்கம் இருக்கும்படி வைத்துத்தான் நான் சாப்பிடுவேன்.

அது எவ்வளவு சிரமம் என்பது ஊருக்கே போனபோதுதான் புரிந்தது. ஒகாயாமா வரை ஷிங்கான்சென் புல்லட் ரயில், அங்கிருந்து கடல் பாலம் தாண்டி மட்சுயாமாவுக்கு ரயில், அப்புறம் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வருகிறவர்களையும் தட்டில் வரைய விடுகிற இடம் ஒன்று இருந்தது. ஒருமுறை மட்டும் லேசாகச் சுட்ட, கண்ணாடி போன்ற மேல் பூச்சு இன்னும் போடாத தட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். தூரிகை பட்டவுடன் அது ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, காய்ந்த மண்ணில் தண்ணீர் ஊற்றியது மாதிரி. கை அரை நொடி தயங்கினால் அங்கே ஒரு பொட்டு, அழிக்கவும் முடியாது. கோசு என்கிற அந்தச் சாயம் தூரிகையில் மங்கிய கருப்பாகத்தான் இருக்கிறது, 1,300 டிகிரிக்குப் பக்கத்தில் வெந்த பிறகே நீலமாகிறது. எவ்வளவு அடர்த்தியாக வரும் என்பதை மனதில் கண்டுகொண்டே வரைய வேண்டும். நான் போட்ட கொடியில் மூன்று பொட்டுகள். பக்கத்து மேஜையில் ஒரு பாட்டி பேசிக்கொண்டே கிண்ணத்தைச் சுழற்றிச் சுழற்றி வரைந்தார், கண் கிண்ணத்தில் இருந்தது, கை ஒருமுறைகூட நிற்கவில்லை. ஒரு கிண்ணத்துக்கு 3,000 யென்னுக்கு மேல் கொடுத்தோமே என்று அதுவரை இருந்த உறுத்தல் அங்கேயே போய்விட்டது.

குறை இல்லாமல் இல்லை. பூச்சு இல்லாத அடிவளையம் மேஜையைக் கீறும், வாங்கிய அன்றே நைஸான உப்புத்தாளில் இரண்டு சுற்றுத் தேய்த்துவிடுங்கள். சாம்பார், மஞ்சள் எதுவும் பூச்சின் மேல் கறையாவதில்லை, ஆனால் அந்த வளையம் மட்டும் இரவெல்லாம் மஞ்சள் தண்ணீரில் ஊறினால் லேசாக நிறம் பிடிக்கிறது. நீலக் கொடி பூச்சுக்கு அடியில் இருப்பதால் தேயாது, மைக்ரோவேவிலும் தாராளமாக வைக்கிறேன். பொன் பூச்சோ சிவப்புப் பூவோ மேலே தீட்டிய தட்டு என்றால் கையால்தான் கழுவ வேண்டும், மைக்ரோவேவ் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

இன்னொன்று. தட்டு இரண்டை இணையக் கடை ஒன்றில் வரவழைத்தேன், அதில் ஒன்று மேஜையில் வைத்தால் ஆடியது. எழுதிக் கேட்டதற்குக் கைவேலையில் இது இயல்பு என்று பதில் வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. சுருளின் அளவு மாறுவது, பூச்சில் கடுகளவு கரும்புள்ளி இருப்பது கைவேலையின் இயல்பு, மண்ணில் இரும்பு இருந்தால் புள்ளி விழத்தான் செய்யும். தட்டு ஆடுவது அந்தக் கணக்கில் வராது, சோதிக்காமல் அனுப்பியதுதான். ஆகவே முடிந்தால் நேரில் வாங்குங்கள். மேஜையில் வைத்து விளிம்பை நான்கு பக்கமும் விரலால் அழுத்திப் பாருங்கள், நகத்தால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் எங்கோ கீறல்.

புதிதாக வாங்குகிறவர்கள் செட்டாக வாங்க வேண்டாம். ஆளுக்கு ஒரு 6 சுன் கிண்ணம் போதும், சோறு, கஞ்சி, நூடுல்ஸ், பாயசம் எல்லாவற்றுக்கும் வரும். ஏப்ரல் மாதம் தொபேயில் பீங்கான் திருவிழா நடக்கும், ஊரின் சூளைகளெல்லாம் ஒரே இடத்தில் கடை போடுவார்கள். உடைந்த சின்னத் தட்டுக்கு ஜோடியை இன்னும் வைத்திருக்கிறேன், அடுத்த திருவிழாவுக்கு அதையும் பையில் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கப்போகிறேன்.