6.99 சதவீதம், 2051: நான்கு வருட அனுபவம்

போச்சம்பள்ளியில் இருக்கும் தங்கை வீட்டுக்காரர் போன வாரம் கேட்டார்: "மச்சான், எஃப்டி வட்டியெல்லாம் இறங்கிப் போச்சு. நீங்க வாங்கின அந்த முப்பது வருச கவர்மெண்ட் பாண்டையே நானும் வாங்கிப் போடட்டுமா?" போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

2021 கடைசியில் மூன்று லட்சத்துக்கு வாங்கினேன். அப்போது ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கு வைக்கும் வட்டி) 4 சதவீதம். எங்கள் வங்கியில் எஃப்டிக்கு ஐந்தரை தாண்டவில்லை. அந்த நேரத்தில் 2051-இல் முதிரும் இந்தப் பத்திரத்தின் 6.99 சதவீத வட்டி பெரிய எண்ணாகத் தெரிந்தது. நம்மைப் போன்றவர்கள் அரசு பத்திரத்தை நேரடியாக வாங்க ரிசர்வ் வங்கி தரும் ரீடெயில் டைரக்ட் கணக்கு அப்போதுதான் தொடங்கியிருந்தது. பத்தாயிரம் இருந்தாலே ஏலத்தில் கேட்கலாம், கமிஷன் கிடையாது. வாங்கியதில் ஒரு சிரமமும் இல்லை.

விற்கப் போனபோதுதான் பட்டேன். 2022 மே மாதம் ரெப்போவை ஏற்றத் தொடங்கினார்கள். ஜூனில் காவேரிப்பட்டணத்து மாந்தோப்பில் போர்வெல் வறண்டுவிட்டது. புதிதாக ஆழ்துளை போட ஒரு லட்சம் வேண்டும். அரசு பத்திரம்தானே, நினைத்தால் விற்றுவிடலாம் என்றிருந்தேன். நூறு ரூபாய் பத்திரத்துக்கு 92 ரூபாயை ஒட்டித்தான் கேட்டார்கள். சிறு தொகை என்பதால் அதற்கும் நாலு நாள் ஆள் வரவில்லை. எட்டாயிரம் நஷ்டம். அந்த ஒரு லட்சத்துக்கு ஒரு வருட வட்டியே 6,990 ரூபாய்தான். அரசாங்கம் ஒரு பைசா ஏமாற்றவில்லை, ஆனாலும் என் பணம் குறைந்தது. மூன்றரை வருடம் ஆகியும் அந்தக் கோபம் ஆறவில்லை.

காரணம் பத்திரத்தின் நீளம். புதுப் பத்திரம் அதிக வட்டி தரும்போது பழையதை விலை குறைத்தால்தான் வாங்குவார்கள்; மீதி வருடம் கூடக் கூட அந்தக் குறைப்பும் கூடும். சந்தை வட்டி ஒரு சதவீதம் ஏறினால் ஐந்து வருடப் பத்திரம் நூற்றுக்கு நாலு ரூபாய் போல இறங்கும், முப்பது வருடப் பத்திரம் பன்னிரண்டு ரூபாய் போல இறங்கும். வட்டி அடிமட்டத்தில் கிடக்கும்போது நீளமானதை வாங்கினால் குறைந்த வட்டியை 2051 வரை பூட்டி வைத்துக்கொள்கிறோம். 2023 பிப்ரவரியில் ரெப்போ 6.5 ஆனபோது புதிதாக வாங்கியவர்களுக்கு என்னைவிட அதிகம் கிடைத்தது.

சரி, 2025-இல் 5.25 வரை குறைத்தார்களே, விலை ஏறியிருக்க வேண்டுமே என்று மாப்பிள்ளை கேட்பார். ரெப்போ என்பது ஓர் இரவுக் கடனுக்கான வட்டி. முப்பது வருடத்துக்குக் கடன் கொடுப்பவர்கள் விலைவாசியையும் அரசு இன்னும் எவ்வளவு கடன் வாங்கும் என்பதையும் பார்க்கிறார்கள். அதனால் நீண்ட பத்திரத்தின் வட்டி அந்த அளவுக்கு இறங்கவில்லை.

இனி நல்லதையும் சொல்ல வேண்டும். மீதி இரண்டு லட்சத்துக்கு ஜூன் 15, டிசம்பர் 15 என்று வருடத்துக்கு இரண்டு முறை 6,990 ரூபாய் கணக்கில் ஏறிவிடுகிறது. யாரையும் போய்க் கேட்டதில்லை. டிடிஎஸ் (வட்டி தரும்போதே கழிக்கும் வரி) பிடிப்பதில்லை (வரிக்கணக்கில் நாம்தான் காட்ட வேண்டும், மாங்காய் வருமானம் போல வரிவிலக்கு கிடையாது). ஜூனில் மாங்காய்ப் பணம் புரளும், அப்போது அது பெரிதாகத் தெரியாது. டிசம்பரில்தான் அதன் அருமை தெரியும். தோப்பு பூ எடுக்கும் நேரம், மருந்து அடிக்க வேண்டும், கையில் காசு இருக்காது. முன்பெல்லாம் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கிவிட்டு அவர் சொன்ன விலைக்கே பெங்களூரா ரக மாங்காயைக் கொடுப்பேன். நாலு வருடமாக அந்த முன்பணம் வாங்கவில்லை.

மாப்பிள்ளை, நீங்கள் வாங்க வேண்டாம். அடுத்த வருடம் பாப்பா கல்யாணம் என்கிறீர்கள், அந்தப் பணத்தை இதில் போடாதீர்கள். என்னுடைய இரண்டு லட்சத்தை மட்டும் இப்போது நூறு ரூபாய்க்கு நூற்றைந்து கொடுத்தாலும் விற்க மாட்டேன்.