சித்தி வீட்டு மருந்து டப்பாவும் கொழிஞ்சாம்பாறை மருந்துக் கடையும்

மெல்பர்னிலிருந்து ஊருக்குப் போகிறவர்களின் பெட்டியில் சாக்லேட்டுக்கு அடுத்த இடம் மருந்துக்குத்தான். வலி மாத்திரை, மீன் எண்ணெய், சத்து மாத்திரை, கண் சொட்டு மருந்து என்று ஆளுக்கு ஆள் கொண்டுவந்து குவித்தவை, பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் என் சித்தி வீட்டில் ஒரு தகர டப்பா நிறைய இருக்கின்றன. டப்பாவின் இடம் சமையலறைப் பரண். ஓட்டுக்கு ஒரு முழம் கீழே. பாதிக்கு மேல் தேதி போனவை. வெளிநாட்டு மருந்து கெடாது என்ற நம்பிக்கையில் சித்தி அதைப் பக்கத்து வீட்டாருக்கும் எடுத்துக் கொடுக்கிறார்.

இதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை எறிய வேண்டும் என்று கேட்க முதலில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். வெகுநேரம் காத்திருந்தோம். டாக்டர் டப்பாவைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் எறியச் சொல்லிப் புதிய சீட்டு எழுதிக் கொடுத்தார். காரணம் தெரியாத அறிவுரையைச் சித்தி எப்படிக் கேட்பார்?

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் இருந்த இளம் மருந்தாளுநர், தமிழ்ப் பெண், எல்லாவற்றையும் கண்ணாடி மேசைமேல் பரப்பினார். அட்டையில் போட்டிருக்கும் மாதத்தின் கடைசி நாள் வரை முழு வீரியம் இருக்கும் என்பது கம்பெனி தரும் உறுதி; ஆனால் லேபிளில் சொன்னபடி வைத்திருந்தால் மட்டும் என்றார். நான் அமெரிக்க ராணுவத்தின் மருந்துக் கையிருப்பைப் பற்றிச் சொன்னேன். 1986 முதல் அங்கே தேதி முடியப் போகும் மருந்துகளைச் சோதித்துக் காலத்தை நீட்டி வருகிறார்கள். 2006இல் வெளியான கணக்கின்படி 122 மருந்துகளில் சோதித்த தொகுதிகளில் 88 சதவீதம் குறைந்தது ஓராண்டாவது கூடுதலாகத் தாங்கின.

"அவை சீல் பிரிக்காமல், சரியான சூட்டில் கிடங்கில் இருந்தவை அண்ணா. உங்கள் சித்தி வீட்டுப் பரண் அப்படியா?" என்று கேட்டார்.

எனக்கு அந்த ஒரு கேள்வி போதும். இது பாலக்காட்டுக் கணவாய். மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர். மாத்திரை லேபிள்களோ பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கின்றன. ஓட்டடியில் கிடந்த மருந்து தேதிக்கு முன்பே வீரியம் இழக்கக்கூடும். தேதியை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது எங்கள் பக்கத்தில் செல்லாது.

பிறகு அவர் வகை பிரித்தார். சில மாதம் தாண்டிய பாராசிட்டமால் விஷமாகிவிடாது, வலி குறைவது குறையலாம். ஆனாலும் புதியது மலிவாகக் கிடைக்கும்போது எதற்கு என்றார். ஆஸ்பிரின் புளித்த காடி வாசனை அடித்தால் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். திறந்த கண் சொட்டு மருந்துக்கு ஏறக்குறைய நான்கு வாரம்தான் ஆயுள், அச்சிட்ட தேதி எதுவானாலும். தண்ணீர் கலந்த ஆன்டிபயாடிக் சிரப் பெரும்பாலும் ஒரு வாரம். வீரியம் குன்றிய ஆன்டிபயாடிக் கிருமியை முழுதாகக் கொல்லாது. கெட்டுப்போன டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சிறுநீரகத்தைப் பாதித்ததாக 1963இலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அவர் குரல் உயர்ந்தது இரண்டு மருந்துகளுக்கு. ஒன்று இன்சுலின். மற்றொன்று நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின். சூடும் காற்றும் பட்டாலே வீரியம் போய்விடும். சித்தப்பா அதைப் பழைய காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்! உயிர் போகிற நேரத்தில் வேலை செய்ய வேண்டிய மருந்து அது. அன்றே புதிய குப்பி வாங்கினோம்.

இன்னொரு கடையின் பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நாலு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருகிறார்கள். தேதி மீதித் துண்டோடு போய்விடுகிறது. இந்தப் பெண் தேதி இல்லாத முனையிலிருந்து வெட்டுகிறார், கவர்மேல் மாதத்தையும் எழுதித் தருகிறார். கூடுதல் செலவு ஒரு பைசா கிடையாது.

எறிய வேண்டியதை எங்கே எறிவது? அவரால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. கடையில் விற்காத சரக்கைத்தான் கம்பெனி திரும்ப எடுக்கும். ஆஸ்திரேலியாவில் 1998இலிருந்து எந்த மருந்துக் கடையிலும் பழைய மருந்தை இலவசமாக ஒப்படைக்கலாம். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2025இல் கோழிக்கோட்டில் என்-பிரவுட் என்ற பெயரில் வீட்டு மருந்துகளைச் சேகரித்து அழிக்கும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. நல்ல திட்டம். எங்கள் ஊரில் அந்தப் பெட்டி என் கண்ணில் படவில்லை. கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சியில் கேட்ட கடைகளிலும் இல்லை என்றார்கள். வாய்க்காலில் கொட்டினால் அது குடிக்கிற தண்ணீரில்தான் சேரும். சித்தி வீட்டு மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய டீத்தூளோடு கலந்து, இறுகக் கட்டிக் குப்பையில் சேர்த்தோம். வேறு வழி இருந்திருந்தால் அதைச் செய்திருக்க மாட்டேன்.

புறப்படும் முன் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தேன்: கோழிக்கோட்டில் செய்வதைக் கொழிஞ்சாம்பாறையிலும் செய்யுங்கள், பெட்டியின்மேல் மலையாளத்தோடு தமிழிலும் எழுதுங்கள் என்று. தமிழில் எழுதிய மனுதான். மறுக்காமல் வாங்கி ரசீது கொடுத்தார்கள்.