சொரியாசிஸும் மூட்டு வீக்கமும்: இஎஸ்ஆரா, சிஆர்பியா?

ஏழு வருடமாகச் சொரியாசிஸோடு குடித்தனம். முழங்கையிலும் தலையிலும் செதில் உதிர்ந்த வரைக்கும் ரத்தப் பரிசோதனை பக்கமே போனதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் விரல் மூட்டுகள் வீங்கியதும் டாக்டர் உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் இரண்டு ரத்தப் பரிசோதனைகளை, இஎஸ்ஆர் (ESR), சிஆர்பி (CRP) இரண்டையும், எழுதிக் கொடுத்தார். அப்புறம், அடிக்கடி எடுக்க ஒன்று போதும் என்றார். நான் சிஆர்பி பக்கம் சாய்ந்துவிட்டேன்.

இஎஸ்ஆர் மலிவு, எந்தச் சின்ன லேபிலும் எடுப்பார்கள். ஆனால் அது புரதத்தை நேராக அளப்பதில்லை. நிறுத்தி வைத்த குழாயில் ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்பதுதான் கணக்கு. அழற்சி இருந்தால் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடும். அணுக்கள் காசு அடுக்கியது மாதிரி ஒட்டிக்கொண்டு சீக்கிரம் இறங்கும். சிஆர்பியோ கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். 1930-இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தது. லேபில் அதையே நேரடியாக அளக்கிறார்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது ரத்தசோகை. சிவப்பணு குறைந்தால் அழற்சியே இல்லாவிட்டாலும் இஎஸ்ஆர் ஏறும். வயது கூடினாலும் கர்ப்பத்திலும் ஏறும். எனக்கு அப்போது ஹீமோகுளோபின் 9. முதல் ரிப்போர்ட்டில் இஎஸ்ஆர் 52, சிஆர்பி லிட்டருக்கு 14 மில்லிகிராம். அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை வாரம் ஒருமுறை ஆரம்பித்து மூன்று மாதத்தில் வீக்கம் வற்றியது, சிஆர்பி 4-க்கு வந்தது. இஎஸ்ஆர் மட்டும் 46-இலேயே நின்றது. மருந்து பிடிக்கவில்லையோ என்று வீட்டில் ஒரே கவலை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு ஹீமோகுளோபின் 11-ஐத் தொட்ட பிறகுதான் அது 30-க்குக் கீழே வந்தது. அத்தனை நாளும் அது என் மூட்டைப் பற்றிப் பேசவே இல்லை. வேகத்திலும் வித்தியாசம் உண்டு: ரத்தத்தில் இருக்கும் ஃபைப்ரினோஜன் பாதியாகக் குறைய சுமார் நாலு நாள் பிடிக்கும், சிஆர்பிக்கு ஏறக்குறைய 19 மணி நேரம் போதும்.

சிஆர்பியும் அரிச்சந்திரன் இல்லை. பல்லில் சீழ் வைத்தபோது எனக்கு 38 காட்டியது. உடல் பருமன் இருந்தாலே கொஞ்சம் உயர்ந்திருக்கும். தோலில் மட்டும் படை இருப்பவர்களுக்கு, ஏன், மூட்டு வீங்கியவர்களிலும் பலருக்கு, நார்மலாகவே வரலாம். அவர்களுக்கு என் கணக்கு உதவாது. தோலுக்கு டாக்டரின் கண்தான்: சிவப்பு, தடிப்பு, செதில், பரப்பு பார்த்து 0 முதல் 72 வரை ‘பாசி’ (PASI) என்ற மதிப்பெண் போடுவார்கள். அழற்சியைத் தூண்டும் ஐஎல்-17, ஐஎல்-23 புரதங்களைத் தடுக்கும் ஊசி நான் போட்டதில்லை. அதில் எனக்கு அனுபவம் கிடையாது.

லேப் கவுண்டரில் ‘ஹை சென்சிடிவிட்டி சிஆர்பி எடுங்களேன்’ என்பார்கள். அதுவும் இதே புரதம்தான். மிகக் குறைந்த அளவையும் பிடிக்கும், பெரும்பாலும் இதய ஆபத்தைக் கணிக்க எடுப்பது. மூட்டு வீக்கத்தைக் கவனிக்கச் சாதாரணமானதே போதும் என்று விட்டுவிட்டேன்.

அலகைப் பார்க்க மறக்காதீர்கள். ஒரு தடவை லேப் மாற்றினேன், 0.6 என்று வந்தது. அடடா என்று குதித்தேன். அது டெசிலிட்டர், அதாவது 100 மில்லி, கணக்கு. லிட்டருக்கு மாற்றினால் 6 மில்லிகிராம், போன மாதத்தைவிட 2 அதிகம்.