"ரெண்டு பேர் பெயரிலும் இருக்கு" என்று நிம்மதியாக இருக்காதீர்கள்

கணவன், மனைவி இருவர் பெயரிலும் வீடு வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு உங்கள் கிரயப் பத்திரத்தை ஒருமுறை பீரோவிலிருந்து எடுத்துப் பாருங்கள். நான் எடுத்துப் பார்த்தது ஒன்பது வருடம் கழித்து.

2014-ல் திருச்சியில் வாங்கினோம். 1,200 சதுர அடி மனை, கீழ்த்தளம் மட்டும். வங்கிக் கடன் போக மீதிக்கு என் நகை முப்பது பவுன் போனது. பத்திரம் எழுத ஓர் எழுத்தரை வீட்டுத் தரகர் காட்டினார். சார் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்குள் மேசை போட்டிருந்தவர். "யார் பெயர்ல சார்?" என்றார். "ரெண்டு பேர் பெயர்லயும் போடுங்க, அவ நகையும்தானே போயிருக்கு" என்றார் என் கணவர்.

நான் அப்போதே கேட்டேன். "நாளைக்கு ஒருத்தருக்கு ஒண்ணுன்னா என்னங்க ஆகும்?" அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேங்க் ஜாயின்ட் அக்கவுன்ட் மாதிரிதாம்மா. ஒருத்தர் இல்லேன்னா இன்னொருத்தருக்குத் தானா வந்துடும். வேற எதுவும் எழுத வேணாம்."

2021-ல் மாரடைப்பில் என் கணவர் போய்விட்டார். கடனோடு எடுத்த காப்பீடு மீதிக் கடனை அடைத்தது. அந்தக் காரியங்கள் முடிந்த கையோடு அதே எழுத்தர் வீட்டுக்கு வந்தார். பெயர் மாற்றம் செய்து தருகிறேன் என்று 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் என் பெயருக்கு வந்தன. வீடே என் பெயருக்கு வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். வரி ரசீது வரி கட்டுபவர் யார் என்பதைத்தான் காட்டும், சொத்து யாருடையது என்பதை அல்ல. இது எனக்கு அன்று தெரியாது. அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

2023-ல் மகள் ப்ளஸ் டூ முடிக்கும் சமயம். வீட்டை விற்றுவிட்டுக் கோவையில் அண்ணன் வீட்டுப் பக்கம் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். வாங்க வந்தவர் 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தார். அவருக்குக் கடன் தரும் வங்கியின் வக்கீல் வாரிசுச் சான்றிதழைக் கேட்டார். அதில் நாலு பெயர்: நான், மகள், மகன், மாமியார். படித்துவிட்டு வக்கீல், "உங்க மாமியார் கையெழுத்து வேணும். பிள்ளைங்க ரெண்டு பேரும் மைனர். அவங்க பங்கை விக்க மாவட்ட நீதிமன்ற அனுமதி வேணும்" என்றார்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரமானது. நம் ஊரில் இருவர் பெயரில் வெறுமனே பத்திரம் போட்டால் ஆளுக்கொரு பங்கு என்றுதான் பொருள். ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றவருக்குத் தாவாது, வாரிசுகளுக்குப் போகும். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி உயில் எழுதாமல் இறந்த ஆணுக்கு மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், சம பங்கு. அவருடைய பாதியை நாலாகப் பிரித்தால் மொத்த வீட்டில் ஆளுக்கு எட்டில் ஒன்று. எனக்கு எட்டில் ஐந்து. வேடிக்கை என்னவென்றால், மாமனார் இருந்திருந்தாலும் அவருக்குப் பங்கு கிடையாது. நான் முதலில் போயிருந்தால் என் பாதி கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போயிருக்கும், என் அம்மாவுக்கு ஒரு செங்கல்கூட வந்திருக்காது. (முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசு முறையே வேறு. அது தெரிந்த வக்கீலிடம் கேளுங்கள்.)

மாமியாரிடம் போனேன். "அத்தை, ஒரு கையெழுத்து" என்றேன். "எம் பையன் சம்பாதிச்ச வீடு. யோசிச்சுச் சொல்றேன்" என்றார். மகனைப் பறிகொடுத்தவர், சட்டமும் அவருக்குப் பங்கு கொடுத்திருக்கிறது, தப்பென்று எப்படிச் சொல்வது? ஆனால் கோபமே வரவில்லை என்றால் அது பொய். மூன்று மாதம் கழித்து, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்) போட்டுப் பார்த்தேன். புதிதாக ஒரு பதிவு இருந்தது. தன் பங்கை மகளுக்கு, அதாவது என் நாத்தனாருக்கு, செட்டில்மென்ட் (பணம் வாங்காமல் சொத்தைக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்திருந்தார். அதுவும் எட்டில் ஒன்று இல்லை, கால் பங்கு!

கணக்கு தவறிவிட்டது போல என்று நினைத்தேன். அதற்கும் விளக்கமாக ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. எனக்கு வருமானம் இல்லையாம், முழுப் பணமும் கணவருடையதாம், என் பெயர் சும்மா சேர்த்ததாம். இந்த வழக்குக்கு இடம் கொடுத்ததும் அந்தப் பத்திரம்தான். யாருக்கு எவ்வளவு பங்கு என்று அதில் ஒரு வரி இல்லை. அப்படி எழுதாதபோது அவரவர் போட்ட பணத்தின் விகிதப்படி பங்கு, அதற்குச் சாட்சியம் இல்லாவிட்டால் சமம் என்கிறது 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம். என் நகையை விற்ற காசைக் கணவர் கணக்கில் போட்டு, அங்கிருந்து காசோலை கொடுத்தோம். நகை விற்ற ரசீதை நான் வைத்திருக்கவில்லை. காகிதத்தில் என் முப்பது பவுனும் அவர் சம்பாத்தியம் ஆகிவிட்டது. "இருவரும் சரிபாதி உரிமையில்" என்று அன்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்த நோட்டீஸ் வந்திருக்குமா என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

எழுத்தரைத் தேடிப் போனேன். "நான் அப்படிச் சொன்னேனா? ஞாபகம் இல்லையேம்மா." அப்புறம்தான் பத்திரத்தைப் புரட்டினேன். எழுதியவர் என்று கையெழுத்தும் உரிம எண்ணும் வேறு யாருடையதோ. இவருக்கு உரிமமே இல்லை. நீங்கள் பத்திரம் எழுதும்போது உரிமத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது எனக்காக வாதாடும் வக்கீலம்மா முதல் நாளே சொன்னார்: நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் உயில் எழுதியிருந்தால் போதும். வெள்ளைத்தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், பதிவு செய்வது நம் விருப்பம். கணவர் தானே சம்பாதித்த சொத்து என்பதால் அவர் பங்கு முழுவதும் எனக்கே வந்திருக்கும். நாற்பது வயதில் உயில் எழுதினால் அபசகுனம் என்று எங்கள் வீட்டில் பேச்சே எடுத்ததில்லை.

விற்பனை முறிந்தது, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். மகளுக்கு 18 ஆகிவிட்டது. மகனுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி நாத்தனார் கால் பங்கு வாடகை கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். நான் எட்டில் ஒன்றுதான் அனுப்புகிறேன்.