முயல் ட்ரேயில் எதை நிரப்பலாம்? செய்தித்தாள் முதல் பெல்லட் வரை ஓர் அலசல்

வீட்டில் முயல் வளர்க்க ஆரம்பித்தவர்கள் முதலில் கேட்பது இதுதான்: "வீடு முழுக்கப் புழுக்கை போடுதே, பூனை மாதிரி இதையும் ட்ரேயில் பழக்க முடியுமா?" தாராளமாக முடியும். பாதி வேலையை முயலே செய்துவிடும். ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே மூத்திரம் பெய்வது அதன் இயல்பு. அந்த மூலையில் ட்ரேயை வைப்பதும் அதைச் சரியாக நிரப்புவதும் நம் பொறுப்பு. எதை நிரப்புவது என்பதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

முதலில், வேண்டவே வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பூனை ட்ரேயில் நிரப்ப விற்கும், நனைந்ததும் கட்டியாகும் களிமண் துகள் (கேட் லிட்டர்) முயலுக்கு ஆகாது. பூனை அதைத் தின்னாது. முயல் காலடியில் கிடப்பதை எல்லாம் கொறித்துப் பார்க்கும். உள்ளே போன களிமண் ஈரத்தில் ஊதிக் குடலை அடைக்கும். முயலால் வாந்தி எடுத்து வெளியே தள்ளவும் முடியாது. போதாததற்கு அதன் தூசி மூக்கையும் நுரையீரலையும் பாதிக்கும். "முயலுக்கும் இதைத்தான் சார் எல்லாரும் வாங்குறாங்க" என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள்.

மரக்கடையில் சாக்கு நிறையக் கிடைக்கும் மரத்தூள் அடுத்தது. விலை மலிவு, ஈரத்தை உறிஞ்சும். ஆனால் எந்த மரத்தின் தூள் என்று யாருக்கும் தெரியாது. தேவதாரு, பைன் போன்ற வாசனை மரங்களைப் பக்குவப்படுத்தாமல் இழைத்த தூளிலிருந்து கிளம்பும் வேதிப்பொருள் முயலின் ஈரலைப் பாதிக்கக்கூடியது. பிளைவுட் அறுத்த தூள் என்றால் பசையும் கலந்திருக்கும். நைசான தூள் என்பதால் முயல் கிளறும்போதெல்லாம் பறக்கும். கோழிப்பண்ணைக்காரர்கள் பயன்படுத்தும் உமியும் இலவசமாகக் கிடைக்கலாம். ஆனால் உமி தண்ணீரை ஒழுங்காக உறிஞ்சாது, மூத்திரம் அடியில் தேங்கி நாறும்.

செய்தித்தாளைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. புதிதாகப் பழக்கும்போது அதைவிட வசதியானது எதுவுமில்லை. நாலைந்து தாள்களை மடித்து அடியில் போட்டு, மேலே ஒரு கை புல்லைப் பரப்பினால் ட்ரே தயார். பளபளப்பான வண்ண இணைப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். குறை என்னவென்றால், நாற்றத்தை அடக்கும் சக்தி அதற்குக் கிடையாது. சென்னை, தூத்துக்குடி போலப் புழுக்கமான ஊரில் தினமும் மாற்றியாக வேண்டும், ஒரு நாள் விட்டாலும் அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும். நமக்கே கரிக்கிறது என்றால், மூக்கைத் தரையோடு வைத்திருக்கும் முயலுக்கு எப்படியிருக்கும்? சில முயல்கள் தாளைக் கிழித்துத் தள்ளுவதையே விளையாட்டாக்கிக்கொள்ளும். அப்போது செய்தித்தாளுக்கு விடைகொடுத்துவிடலாம்.

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு கோகோபீட் என்ற தேங்காய் நார்த்தூள் மேல் ஆசை வரும். நியாயமான ஆசைதான். தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தைக் குடிக்கும், நாற்றத்தையும் நன்றாக அடக்கும். முயல் புழுக்கையை மக்க வைக்காமலே செடிக்குப் போடலாம் என்பதால், ட்ரேயில் இருப்பதை அப்படியே தொட்டியில் கொட்டிவிடலாம். ஆனால் காய்ந்த நார்த்தூள் பறக்கும், ஈரமானது முயலின் பாதத்திலும் வயிற்று மயிரிலும் அப்பிக்கொண்டு கூடம் முழுக்கப் பழுப்புத் தடம் பதிக்கும். இதைப் பயன்படுத்துவதாக இருந்தால் மேலே கனமான புல் படுக்கை அவசியம். ஒட்டாமல் இருக்கக் கம்பி வலை போடலாமே என்று தோன்றும். வெறும் வலையில் நாள் முழுக்க உட்கார்ந்தால் உள்ளங்காலில் மயிர் உதிர்ந்து புண்ணாகும். முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பது போன்ற மெத்தைச் சதை கிடையாது.

எல்லாவற்றையும் பார்த்த பிறகு என் ஓட்டு பெல்லட்டுக்குத்தான்: சூளையில் உலர்த்திய மரத்தூளை அழுத்திச் செய்தது, அல்லது காகிதக்கூழில் செய்தது. உலர்த்தும் சூட்டிலேயே வாசனை மரத்தின் வேதிப்பொருள் பெருமளவு போய்விடும். ஒரு பிடி மர பெல்லட்டைக் கிண்ணத்தில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். விறைப்பாக இருந்த குச்சிகள் சில நிமிடத்தில் ஊதி, பிளந்து, பொலபொலவென்று தூளாகும். ட்ரேயிலும் இதுதான் நடக்கிறது. தூளாகியிருக்கும் இடம்தான் நனைந்த இடம்; அதை மட்டும் கரண்டியால் அள்ளிவிட்டு மேலே ஒரு பிடி போட்டால் போதும், முழு ட்ரேயையும் தினம் கொட்ட வேண்டியதில்லை. கைக்காசு கூடுதலாகும் என்பது உண்மை. அதற்காக பாய்லருக்கு எரிக்க விற்கும் பெல்லட் மூட்டையை வாங்காதீர்கள். அதில் கடலைத்தோல் முதல் எது வேண்டுமானாலும் கலந்திருக்கலாம்.

இனி ட்ரே. கடைகளில் கூண்டு மூலையில் மாட்டும் முக்கோண ட்ரே விற்கிறார்கள். துணி ஊறவைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப் அதைவிட எவ்வளவோ மேல். வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கிய குட்டி அப்படியே இருக்காது. இங்கே பண்ணைகளில் அதிகம் வளர்க்கும் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட் இனங்கள் வளர்ந்தால் 4 கிலோவைத் தொடும். முழு உடம்பையும் நீட்டிப் படுக்க இடம் இருந்தால்தான் முயல் ட்ரேயில் தங்கும். மூத்திரம் பெய்வதற்கு முன் அது பின்பக்கமாகவே நகர்ந்து, பிட்டத்தை மூலையில் ஒட்டி, வாலைத் தூக்கும். விளிம்பு தாழ்வாக இருந்தால் எல்லாம் சுவருக்குத்தான். பின்பக்கம் உயரமாகவும் ஏறுகிற பக்கம் வெட்டித் தாழ்த்தியும் வையுங்கள்; வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

டப்பின் அடியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப்படலம் படிந்தால் பயப்பட வேண்டாம். மிஞ்சிய கால்சியத்தை முயல் மூத்திரத்தோடு வெளியேற்றும். வெள்ளை வினிகரை ஊற்றி அரை மணி நேரம் ஊறவைத்தால் தேய்க்காமலே கழன்றுவிடும். படலம் வழக்கத்தைவிடத் தடித்தால், கால்சியம் மிகுந்த தீவனமான குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) அதிகம் போடுகிறோமா என்று பாருங்கள்.

எந்தப் பொருளைப் போட்டாலும் புல் வைக்கும் இடம்தான் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. முயல் மென்றுகொண்டே புழுக்கை போடும் பிராணி. புல்லை ட்ரேயின் ஒரு முனையிலோ அதை ஒட்டிய தாங்கியிலோ வைத்தால் வேறெங்கும் போகத் தேவையிருக்காது. உலர்ந்த புல் நல்லது. நெல் வைக்கோலில் சத்து குறைவு, படுக்கைக்கு ஆகும், சாப்பாட்டுக்குப் போதாது. கம்பித் தரைக் கூண்டில் பிறந்து வளர்ந்த பண்ணை முயலுக்கு எல்லாம் கீழே விழுந்தே பழக்கம். அதை முதலில் சிறிய இடத்தில் அடைத்து, வெளியே விழுந்த புழுக்கையைப் பொறுக்கி ட்ரேக்குள் போட்டு, மூத்திரம் ஒற்றிய தாளையும் அங்கேயே வைக்க வேண்டும். அடிப்பதும் அதட்டுவதும் பயனற்றது, உங்களைக் கண்டு ஓடத்தான் கற்றுக்கொள்ளும்.

நான்கைந்து மாதமானதும் நன்றாகப் பழகிய முயலே திடீரென்று சோபாவில் பெய்ய ஆரம்பிக்கும். பருவ வயதில் எல்லை குறிக்கும் வேலை அது. இதற்குப் பெல்லட்டை மாற்றிப் பலனில்லை, கருத்தடை ஆபரேஷன்தான் வழி. அதன் பிறகும் ஹார்மோன் அடங்கச் சில வாரம் ஆகும். பெட்டை முயலுக்கு வயதானால் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால் அதற்கு இது உயிர்காக்கும் சிகிச்சையும்கூட. முயல் அனுபவமுள்ள மருத்துவரைத் தேடிப் பிடியுங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய இரவு பட்டினி போடச் சொன்னால் வேறு மருத்துவரைப் பாருங்கள். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

வயதான முயல் ட்ரேயைத் தவறவிட்டால் அது வேறு கணக்கு. மூட்டுவலியில் விளிம்பைத் தாண்ட முடியாமல் இருக்கலாம், மூத்திரப்பையில் கல்லோ மணலோ சேர்ந்திருக்கலாம். முக்கி முக்கிப் பெய்தாலோ புழுக்கை சிறுத்தாலோ காத்திருக்க வேண்டாம். சாப்பாட்டையும் நிறுத்திவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோய்விட வேண்டும்.